பொறுக்கி எடுத்த கியூப்

மகள் சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் போட்டாள்.

"தினம் இருபது முப்பது உடைக்கிறியேப்பா. இதையும் ஒண்ணு உடைச்சிடு."

இதை என்று அவள் காட்டியது தன் தலையை.

காலை ஏழு மணி. கியூப்காரர் வேலைக்குக் கிளம்புவதற்கு பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மூன்று கிலோ சுத்தியல் தொடையில் விழுந்ததும் உயிர் போய் வந்தது. திட்டுவதற்காக நிமிர்ந்தவர் மகளின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். வலது கண் ரத்தமாகச் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து இமை பாதி இறங்கிவிட்டது.

"உடைக்க மாட்டியா? சரி, விடு."

நிலைப்படியில் போய் நெற்றியை மோதினாள். ஒன்று. இரண்டு. மரம் அதிர்ந்து மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாவது மோதலுக்கு அவள் அம்மா ஓடிவந்து நடுவில் கையைக் கொடுத்தாள். நெற்றிக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கி இரண்டு விரல் முறிந்தது. அந்தச் சத்தம் கியூப்காரருக்குக் கேட்டது. முறிகிற சத்தம் எதுவானாலும் அவருக்குக் கேட்கும். முப்பத்தாறு வருஷமாக அதைக் கேட்டுத்தான் சோறு தின்கிறார்.

அவர் வேலை அதுதான். ஊரில் எங்கே கட்டடம் எழும்பினாலும், ஊற்றுகிற காங்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் போட்டு, ஒரு சாணுக்கும் சின்னதாக கனச்சதுரக் கட்டி, அதாவது கியூப், செய்வார்கள். இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, அப்புறம் சோதனை யார்டுக்குக் கொண்டுவருவார்கள். கியூப்காரர் அதை மிஷினில் வைத்து அழுத்துவார். முள் ஏறும். விளிம்பில் மயிரிழை விரிசல் ஓடும். பிறகு படாரென்று நாலு பக்கமும் சிதறும், ஒட்டிக்கொண்ட மிச்சத்தைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பார். சிதறின இடத்தில் முள் காட்டின எண்ணைத் தாளில் எழுதுவார். அந்த எண் சரியாக இருந்தால் கட்டடம் நிற்கும். அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர் நம்புவதில்லை. ஒரு தடவை முப்பது கியூப்பும் பிரமாதமாக உடைந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாலு மாதத்தில் அந்தக் கட்டடத்தின் கூரை இறங்கி இரண்டு கொத்தனார்கள் செத்தார்கள். ஒருத்தனுடைய கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இவர் போய்ப் பார்த்தார். கூரையில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். பிஸ்கட் மாதிரி பொடிந்தது. கியூப்புக்குத் தனியாக நல்ல சரக்கு, கூரைக்கு வேறு சரக்கு. பரீட்சைக்கு வருவது பொறுக்கி எடுத்தது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் யார் எந்தத் தாளைக் காட்டினாலும் முதலில் கேட்கிற கேள்வி, இதைப் பொறுக்கினது யார்.

மகள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒன்றரை வருஷமாக இந்த வலி. கடைசியாகக் கடையில் வலி வந்தபோது, தோளைத் தொட்ட புருஷன் மேல் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை வீசிவிட்டாள். அவன் முன்கையில் ஒரு பக்கம் தோல் உரிந்து வந்துவிட்டது. "நான் யாரையாவது கொன்னுடுவேன், என்னைக் கட்டிப் போடுங்க" என்று அழுதுகொண்டே அப்பா வீட்டுக்கு வந்தவள்தான். வந்து ஒரு மாதமாகிறது.

அம்மாவின் விரலுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகளையும் டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் ஒன்றுமில்லை.

"தினமும் மாத்திரை போடுறாங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"ஒண்ணு ரெண்டு போடுவா."

"ஒண்ணா ரெண்டா மூணா, அது எனக்குச் சரியாத் தெரியணும். வலி எந்த நாள், எவ்வளவு, என்ன போட்டாங்க, ரெண்டு மாசம் எழுதிக் கொண்டாங்க. அதை வச்சுத்தான் மேற்கொண்டு மருந்து. அது தப்பா இருந்தா நான் குடுக்கிற மருந்தே இவங்களைக் கெடுக்கும். புரியுதா பெரியவரே?"

புரிந்தது. எண் தப்பானால் கூரை இறங்கும்.

அன்று சாயங்காலம் இரண்டு ஆம்பிளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தன் மாப்பிள்ளை. மருந்துக் கம்பெனிக்காகத் தோல்பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறவன். இன்னொருத்தன் கியூப்காரர் மனைவியின் தம்பி. மயிர் மாதிரி மெல்லிய ஊசிகளை நெற்றியிலும் காதிலும் காலிலும் குத்தி வைத்தியம் செய்கிறவன். ஊசிமாமா என்று பேர். இரண்டு பேருக்கும் ஆகாது. இரண்டு பேரிடமும் தாள் இருந்தது.

"மாமா, இது சும்மா விளம்பரம் இல்ல, ஆராய்ச்சி" என்றான் மாப்பிள்ளை. கையில் கட்டோடுதான் பேசினான். "முன்னூறு பேருக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. நூத்துக்கு அறுபது பேருக்கு வலி பாதியாயிடுச்சு."

"அந்த முன்னூறு பேரைப் பொறுக்கினது யாரு?"

"பொறுக்கிறதாவது... சேத்தாங்க மாமா."

"யாரைச் சேத்தாங்க, யாரை வெளிய நிறுத்தினாங்க? அதைப் படிங்க."

மாப்பிள்ளை விரலை ஓட்டித் தேடினான். "அறுபது வயசுக்கு மேல உள்ளவங்க, வேற நோய் உள்ளவங்க, தினமும் வலி மாத்திரை போடுறவங்க... இவங்களைச் சேக்கல."

"என் பொண்ணு தினமும் போடுறா."

மாப்பிள்ளை தாளைத் திருப்பினான்.

"முன்னூறுல கடைசி வரைக்கும் இருந்தது எத்தனை?"

"இருநூத்திப் பத்து."

"மிச்சம் தொண்ணூறு எங்க போச்சு?"

"நடுவுல நின்னுட்டாங்க."

"நல்லாயி நின்னானா, வாந்தியெடுத்து நின்னானா?"

"அது போடல மாமா."

"உடைஞ்ச கியூப்பைக் குப்பையில கொட்டிட்டு, உடையாததை மட்டும் எண்ணியிருக்கான் உன் கம்பெனிக்காரன்" என்றார் கியூப்காரர். கோபம் வந்தால் மாப்பிள்ளைக்கு மரியாதை போய்விடும்.

ஊசிமாமா தொடையைத் தட்டிச் சிரித்தான். "நான் சொல்லல அத்தான்? விக்கிறவனே பரீட்சையும் வச்சா அப்படித்தான். இப்ப நம்ம தாளைக் கேளுங்க. நாப்பது பேர். முப்பத்தாறு பேருக்குக் குணம். ஒருத்தன்கூட நடுவுல ஓடல."

"குணமாயிடுச்சுன்னு சொன்னது யாரு?"

"நோயாளிங்கதான்."

"அவங்களைக் கேட்டது?"

"வைத்தியர்."

"குத்தின வைத்தியரா?"

"ஆமா. வேற யாரு கேப்பா?"

"கையில ஊசியை வச்சுக்கிட்டு வலி எப்படியிருக்குன்னு கேட்டா எவன்டா இருக்குதுன்னு சொல்வான்? குத்தாம சும்மா விட்டுப் பாத்தது எத்தனை பேரை?"

"சும்மா விடுறதா? வலியோட வந்தவனை எப்படி அத்தான் சும்மா அனுப்புறது? பாவமில்லையா?"

"அப்ப தானா போன வலி எது, உன் ஊசியில போன வலி எதுன்னு உனக்கே தெரியாது."

இப்போது மாப்பிள்ளை சிரித்தான். கட்டுப்போட்ட கையோடு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சிரிச்சது போதும், கஞ்சி ஆறுது" என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு பக்கமும் ஒழுங்கான தாளும் ஆளுக்கு ஒன்று இருந்தது. மாப்பிள்ளையிடம் இருந்ததில், பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்து, எது யாருக்கு என்று கொடுத்தவனுக்கே தெரியாமல் எண்ணியிருந்தார்கள். ஊசிமாமாவிடம் இருந்ததில், பாதிப் பேருக்கு சரியான இடத்திலும் பாதிப் பேருக்கு எங்கேயோ ஒரு இடத்திலும் குத்தியிருந்தார்கள். அந்த இரண்டு தாளிலும் வித்தியாசம் கொஞ்சம்தான் வந்திருந்தது. அதனால் அவற்றை இரண்டு பேருமே அடியில் வைத்திருந்தார்கள். கியூப்காரர் தாள்கட்டின் அடியிலிருந்து உருவி எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

"இங்கிலீஷ் வைத்தியம் ஒசத்தி, மத்தது மட்டம்னு ஒருத்தன். இயற்கை ஒசத்தி, மத்ததெல்லாம் விஷம்னு ஒருத்தன். ரெண்டு பேரும் பொறுக்கின கியூப்பைத்தான் தூக்கிட்டு வந்திருக்கீங்க. நானே சோதிக்கிறேன்."

அவருக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். இருபத்தெட்டு நாள் ஊசி, அடுத்த இருபத்தெட்டு நாள் மாத்திரை. எது முதலில் என்று சீட்டுப் போட்டார், ஊசி வந்தது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வலி எவ்வளவு என்று மகளைக் கேட்பார். ஒன்றுமில்லை என்றால் சைபர், உயிர் போகிறது என்றால் பத்து. யார்டிலிருந்து கொண்டுவந்த நீலச் சாக்பீஸால் சமையலறைக் கதவில் எழுதுவார். மகள் தலையாட்டினாள். காங்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாள் சரி, மனுஷத் தலைக்கும் அதே கணக்கா என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் எட்டு நாள் எண்கள் கன்னாபின்னாவென்று இருந்தன. ஆறு, ஒன்பது, ஒன்று, பத்து, மூன்று. ஆறு மணியானால் இரண்டு பேரும் ஆஜர். தன் எண்ணைப் பார்க்க ஒருத்தன், எதிராளியின் எண்ணைப் பார்க்க ஒருத்தன். அந்த வாரம் மேகம் இறங்கி நின்றது. மழையும் பெய்யவில்லை, காற்றும் இல்லை. சிமெண்டுத் தூசி தெருவில் அப்படியே தொங்கியது.

ஒன்பதாம் நாள் மகள் சொன்னாள், "எட்டு."

"எட்டு!" என்று மாப்பிள்ளை கை தட்டினான். "குத்திக் குத்தி எட்டுக்குக் கொண்டாந்துட்டாருய்யா! இன்னும் நாலு ஊசி குத்தினா பாடையே கட்டிடலாம்."

"நீ ஊட்டின விஷம்டா வெளிய வருது. ஒன்றரை வருஷமா மூட்டை மூட்டையா முழுங்க வச்சவன் நீ."

"தையக்காரன் ஊசியை வச்சுக்கிட்டு நீ வைத்தியன்னா, நான் என்ன..."

முடிக்க விடவில்லை. ஊசிமாமா இரும்பு ஊசிப் பெட்டியால் அவன் வாயில் அடித்தான். பல் ஒன்று கஞ்சிச் சட்டிக்குள் விழுந்தது. மாப்பிள்ளை அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து முட்டியால் வயிற்றில் ஏற்றினான். ஊசிமாமா பிடி கிடைக்காமல் தடவி, அந்த வெந்த கையைப் பிடித்து முறுக்கினான். கட்டு அவிழ்ந்து, காய்ந்துகொண்டிருந்த பொருக்கு தோலோடு பிய்ந்து வந்தது. மாப்பிள்ளை போட்ட கத்தலில் தெருவில் நாய்கள் எழுந்து ஓடின. தரையெல்லாம் ஊசி. அம்மா விலக்கப் போய் உள்ளங்காலில் மூன்று ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கியூப்காரர் சுத்தியலை எடுத்துத் தலைக்கு மேலே ஓங்கி, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மேசையில் இறக்கினார். மேசை இரண்டாகப் பிளந்து ஒரு கால் பறந்துபோய் பானையை உடைத்தது.

"இனிமே எவனாவது வாயைத் திறந்தா அடுத்த அடி மேசைக்கு இல்ல!"

இரண்டு பேரும் விலகினார்கள். மகள் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. கதவில் எழுதியிருந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆறு மணிக்குக் கேட்டார்.

"நாலு" என்றாள்.

அதற்கு மறுநாளும் நாலு. பிறகு மூன்று. பிறகு நாலு. வீடு அமைதியாகிவிட்டது. ஊசிமாமாவின் இருபத்தெட்டு நாள் முடிந்து மாப்பிள்ளையின் மாத்திரை தொடங்கியது. நாலு, நாலு, மூன்று, நாலு. இரண்டு பேருக்கும் வஞ்சனையில்லாமல் ஒரே எண். ஜெயித்தேன் என்று சொல்ல ஒருத்தனாலும் முடியவில்லை. தோற்றேன் என்று கோபப்படவும் வழியில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைக் கஞ்சியில் தொட்டுத் தின்றார்கள். பல் போனவன் ஓரத்தை ஊறவைத்துத் தின்றான்.

கேட்கும்போதெல்லாம் கியூப்காரர் கையில் சுத்தியல் இருக்கும். இரண்டு பேரும் பேசாமலிருக்க அதுதான் வழி என்று நினைத்தார். பலிக்கிற வழிதானே என்று ஒரு திருப்திகூட இருந்தது.

மாத்திரையில் பத்தொன்பதாம் நாள், யார்டில் மத்தியான வெயிலில் மிஷின் சூடேறிக் கிடந்தது. புதுக் கட்டடத்து இஞ்சினியர் ஒருத்தன் தாளை நீட்டினான்.

"நாங்களே எங்க மிஷின்ல உடைச்சிட்டோம் பெரியவரே. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

கியூப்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முப்பது கியூப். முப்பதும் ஒரே எண்ணைச் சுற்றி நின்றது. இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழரை, இருபத்தேழு.

"தம்பி, இது மிஷின்ல உடைச்சது இல்ல. மேசையில உக்காந்து உடைச்சது."

"என்ன பெரியவரே சொல்றீங்க? எல்லாம் நல்ல நம்பர்தானே?"

"அதான் சொல்றேன். ஒரே சட்டியில கலந்து, ஒரே ஆள் அச்சுல குத்தி நிரப்பினாலும் ஒண்ணு இருபத்தஞ்சுல போகும், ஒண்ணு முப்பதுல போகும். நிஜமான கியூப் ஒரே மாதிரி உடையாது. ஒரே மாதிரி இருந்தா அது உடைக்கவே இல்ல, எவனோ பயந்துக்கிட்டு எழுதி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். இஞ்சினியரின் தாள் கையிலிருந்து நழுவித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. மிஷினை அணைக்காமலே நடந்தார். எப்போதும் போல சுத்தியல் கையில் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா குழாயடியில் இருந்தாள். மகளுடைய அறை உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. காதை வைத்தார். தொம், தொம் என்று மெத்தென்ற சத்தம். தலையணையை வைத்துச் சுவரில் மோதினால் வருகிற சத்தம்.

"கதவைத் திற."

சத்தம் நின்றது. திறக்கவில்லை. தாழ் இருக்கிற இடத்தில் சுத்தியலை ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் பலகை பிளந்து தாழ் பறந்தது.

மகள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலிட்டு இருந்தாள். வாயில் துண்டைத் திணித்திருந்தாள். துண்டு சிவந்திருந்தது. இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பல்தடம். கறுத்தது, மஞ்சளானது, இப்போதுதான் கடித்தது, வரிசையாக. கட்டிலுக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. ஊசி நாட்களிலும் தின்றிருக்கிறாள். மாத்திரை நாட்களில் சொன்னதைவிட நாலு மடங்கு தின்றிருக்கிறாள். தோளைப் பிடித்துத் தூக்கப் போனவரின் கையை, துண்டைத் துப்பிவிட்டுக் கடித்தாள். கட்டைவிரலடியில் பல் இறங்கி எலும்பில் நின்றது. அவர் இழுக்கவில்லை. அவளாக விடும் வரை நின்றார்.

விட்டதும், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டார். "எவ்வளவும்மா?"

மகள் ரத்த வாயோடு நிமிர்ந்து பார்த்தாள். "நாலுப்பா."

"பொய் சொல்லாத."

"வேற என்ன சொல்லட்டும்? ஊசிமாமா நாள்ல எட்டுன்னு சொன்னா என் வீட்டுக்காரரு பல்லை மாமா உடைப்பாரு. வீட்டுக்காரரு நாள்ல எட்டுன்னா அவரு கையை மாமா பிய்ப்பாரு. அம்மா விரலை நான் உடைச்சாச்சு. இன்னும் யாரு மிச்சம்?"

"என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன்கிட்டயா?" அவள் சிரித்தது அழுகை மாதிரி இருந்தது. "கையில சுத்தியலை வச்சுக்கிட்டு வலி எப்படியிருக்குன்னு கேட்டா, எவப்பா இருக்குதுன்னு சொல்வா?"

கியூப்காரர் தன் கையைப் பார்த்தார். சுத்தியல் பிடியில் அவருடைய ரத்தம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊசிமாமாவைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை. அவள் அன்றைக்கு உள்ளே படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். முப்பது கியூப்புக்குக் கையெழுத்துப் போட்ட கட்டடத்தில் விரலில் பொடிந்த அந்தத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. அப்போது ஏமாற்றினவன் வேறொருத்தன். இந்தக் கதவில் இருக்கிற எண்ணெல்லாம் அவர் மிரட்டி வாங்கினது.

அன்று சாயங்காலம் ஈரத்துணியை எடுத்து சமையலறைக் கதவை அவரே துடைத்தார். நாற்பத்தாறு நாள் எண்ணும் நீலமாகக் கரைந்து தரையில் ஓடியது. ஆறு மணிக்கு வந்த இரண்டு பேரும் வெறும் கதவைப் பார்த்து விழித்தார்கள்.

"என்ன மாமா, அழிச்சிட்டீங்க? இன்னும் பத்து நாள் இருக்கே!"

"என் கணக்கு என்னாகிறது அத்தான்?"

"கணக்கு பொய். ஊசியும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. ஒண்ணும் தெரியாது" என்றார். "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போறோம். நடந்ததை அப்படியே சொல்லப் போறேன். காலி அட்டையெல்லாம் எண்ணி எடுத்து வச்சிருக்கேன்."

டாக்டரம்மா திட்டினாள். அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு இன்னும் திட்டினாள். இத்தனை மாத்திரை தின்றால் அந்த மாத்திரையே வலியைக் கொண்டுவரும், முதலில் அதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் இரண்டு வாரம் நரகமாக இருக்கும், அப்புறம்தான் அடியில் இருக்கிற வலி என்ன வலி என்றே தெரியும் என்றாள். ஊசி குத்தலாமா என்று கேட்டதற்கு, குத்தட்டும், குத்தினதையும் எழுதட்டும், ஆனால் குத்தினவன் கேட்கக் கூடாது என்றாள்.

"யாரு கேக்கணும்?" என்றார் கியூப்காரர்.

"யாரும் கேக்க வேணாம். அவங்களே எழுதட்டும்."

வீட்டுக்கு வந்து பிளந்த கதவை மாற்றினார். புதுப் பலகை, இருக்கிறதிலேயே தடித்த தாழ். தாழை உள்பக்கம் வைத்தார். நீலச் சாக்பீஸை மகளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அந்த அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சுத்தியலைக் காலையிலேயே யார்டில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளையும் ஊசிமாமாவும் வந்தார்கள். ஒருத்தன் கையில் கட்டு, ஒருத்தன் கழுத்தில் நகக்கீறல் தழும்பு. உள்ளே நுழையப் போனவர்களைக் காலை நீட்டி மறித்து, தரையில் உட்காரச் சொன்னார்.

உள்ளே முனகல் கேட்டது. பிறகு ஏதோ எறிந்து உடைகிற சத்தம். கண்ணாடி டம்ளராக இருக்கும். மாப்பிள்ளை எழுந்தான். கியூப்காரர் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா பாதியில் நின்றுவிட்டாள். பிறகு கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸ் கரகரவென்று அழுந்தித் தேய்கிற சத்தம் வந்தது. அழுத்தினதில் சாக்பீஸ் உடைந்து ஒரு துண்டு கதவிடுக்கு வழியாக வெளியே உருண்டு வந்தது.

"எத்தனை மாமா?" என்றான் மாப்பிள்ளை.

"நாலைவிட ஜாஸ்திதான் இருக்கும், என்ன அத்தான்?" என்றான் ஊசிமாமா.

கியூப்காரர் குனிந்து அந்த நீலத் துண்டை எடுத்து, கடிபட்ட கையில் மூடிக்கொண்டார்.

"நான் கேக்கல" என்றார்.